பட்டப்படிப்பின் விலையும் பயனும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஆண்டுதோறும் மேனிலைப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் தமிழகத்து இல்லங்கள் பலவற்றில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பது ஒன்று. அதற்கான பணத்தை எங்கிருந்து திரட்டுவது என்பது மற்றொன்று. அண்மைக் காலத்தில் இவ்விரண்டோடு மூன்றாவது வினா ஒன்றும் சேர்ந்துள்ளது. நகையை அடகு வைத்தும், நிலத்தை விற்றும், வங்கியில் கடன் பெற்றும் வாங்கும் பட்டம் அச்செலவுக்கு ஈடானதுதானா என்பதே அவ்வினா. ஒரு தலைமுறைக்கு முன் இவ்வாறு கேட்டிருந்தால் கேட்டவரைக் கல்வியின் பகைவர் என்று கருதியிருப்பர். இன்றோ பட்டம் பெற்றும் தக்க வேலை கிட்டாத மகனையோ மகளையோ இல்லத்தில் கொண்ட பெற்றோர் கேட்கின்றனர். அவர்களுக்கு மறுமொழி கூறுவது கல்வி நிறுவனங்களின் கடமையாகும்.

கல்வி சிறந்ததா என்பது ஈண்டு நம் வினா அன்று. அதில் ஐயம் கொள்வார் எவரும் இலர். குறிப்பிட்ட ஒரு பட்டம், குறிப்பிட்ட ஒரு விலையில், குறிப்பிட்ட ஒரு குடும்பத்திற்குத் தகுமா என்பதே வினா. பட்டத்தின் விலை யாது, அவ்விலையை இதுவரை செலுத்தியோர் யாவர், அதனால் விளையும் பயன் யாது, கடன் எப்போது சுமையாகின்றது என்னும் முறையில் இக்கட்டுரை அதனை ஆராய்கின்றது.

பழந்தமிழர் நோக்கு

கல்விக்கு விலை உண்டு என்பதைப் பழந்தமிழர் அறியாதவர் அல்லர். புறநானூற்றின் 183ஆம் பாடலை இயற்றியவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னன். ஆசிரியருக்கு இடர் வந்தவிடத்து உதவியும், மிக்க பொருள் கொடுத்தும், வழிபட்டு நிற்றலை வெறுக்காமலும் கற்றல் நன்று என்பது அப்பாடலின் தொடக்கக் கருத்தாகும். பொருள், உழைப்பு, பணிவு என்னும் மூன்றையும் கல்வியின் செலவாக அம்மன்னன் கண்டுள்ளான்.

அதே பாடல் பயனையும் கணக்கிடுகின்றது. ஒரு வயிற்றில் பிறந்த மக்களுள்ளும் கற்றவன்பால் தாயின் மனம் சாயும். ஒரு குடியில் மூத்தவனை விடுத்து அறிவுடையவனையே அரசு நாடும். பிறப்பால் கீழாகக் கருதப்பட்டவன் கற்றால் மேலாகக் கருதப்பட்டவனும் அவனிடம் செல்வான் என்கின்றது அப்பாடல். குடும்பத்தில் மதிப்பு, அரசில் பணி, சமூகத்தில் ஏற்றம் ஆகிய மூன்றும் பயனாகச் சுட்டப்பெறுகின்றன. இன்றைய பெற்றோர் கல்லூரியிடம் எதிர்பார்ப்பவையும் இம்மூன்றே எனலாம்.

திருக்குறளின் அதிகார வைப்பும் ஈண்டு நோக்கத்தக்கது. கல்வி 40ஆவது அதிகாரமாகவும், கல்லாமை 41ஆவதாகவும், கேள்வி 42ஆவதாகவும், அறிவுடைமை 43ஆவதாகவும் அமைந்துள்ளன. கல்வியையும் அறிவுடைமையையும் வள்ளுவர் ஒன்றாக்கவில்லை. முறையாகக் கற்க இயலாதவர்க்குக் கேள்வி என்னும் வழியும் உண்டு என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். பட்டம் வேறு, அறிவு வேறு என்னும் வேறுபாடு நம் மரபில் முன்பே இருந்தது என்பது இதனால் புலனாகும்.

விலை என்பது யாது?

கல்லூரிச் செலவு என்றவுடன் கட்டணச் சீட்டே நினைவுக்கு வரும். ஆயின் பட்டத்தின் விலை மூன்று கூறுகளை உடையது. கல்லூரிக்குச் செலுத்தும் கட்டணம் முதற்கூறு. நூல், போக்குவரத்து, விடுதி, தேர்வு ஆகியவற்றிற்காகும் செலவு இரண்டாம் கூறு. படிக்கும் ஆண்டுகளில் வேலைக்குச் சென்றிருந்தால் ஈட்டியிருக்கக்கூடிய ஊதியம் மூன்றாம் கூறு. இம்மூன்றாவது கூறு எந்தச் சீட்டிலும் இடம்பெறுவதில்லை. அதனாலேயே பலரும் அதனை மறந்துவிடுகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் இதனை விளக்கலாம். சுயநிதிப் பிரிவில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் பயிலும் ஒரு மாணவரைக் கொள்வோம். ஆண்டுக் கட்டணம் 25,000 ரூபாய் எனில் மூன்றாண்டுக்கு 75,000 ரூபாய் ஆகும். பிற செலவுகள் ஆண்டுக்கு 15,000 ரூபாய் எனில் 45,000 ரூபாய். அம்மாணவர் கடையிலோ பட்டறையிலோ மாதம் 12,000 ரூபாய் ஊதியத்திற்குச் சென்றிருந்தால் மூன்றாண்டில் 4,32,000 ரூபாய் ஈட்டியிருப்பார். மூன்றையும் கூட்டினால் 5,52,000 ரூபாய் ஆகின்றது. கட்டணம் இதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. கட்டணமே இல்லாத அரசுக் கல்லூரியிலும் பட்டம் இலவசமன்று என்பது இதனால் தெளிவாகும். வறிய குடும்பத்துப் பிள்ளை கட்டணச் சலுகை கிடைத்தும் கல்லூரிக்கு வாராது நிற்பதன் காரணமும் இதுவே. அக்குடும்பத்தால் தாங்க இயலாதது கட்டணமன்று. மாதந்தோறும் இல்லத்திற்கு வரவேண்டிய அந்த ஊதியமே.

இனி, இத்தொகை எத்தனை ஆண்டில் மீளும் என்று நோக்குவோம். பட்டத்தின் பயனாக மாதம் 5,000 ரூபாய் கூடுதலாகக் கிட்டினால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் ஆகும். முதல் மீள ஒன்பது ஆண்டுக்குச் சற்று மிகுதியாகும். கூடுதல் 3,000 ரூபாய் மட்டுமே எனில் பதினைந்து ஆண்டு கடக்கும். பட்டம் பெற்றவரும் பெறாதவரும் ஒரே கடையில் ஒரே ஊதியத்திற்கு நின்றால் அம்முதல் ஊதியத்தின் வழி மீள்வதே இல்லை. வட்டியைக் கணக்கிற் கொள்ளாமலே நிலை இதுவாகும்.

விலையைச் செலுத்தியோர் யாவர்?

பட்டத்தின் விலையை எக்காலத்தும் மாணவர் மட்டுமே செலுத்தி வந்தாரல்லர். தமிழகக் கல்லூரிகளின் வரலாறு இதற்குச் சான்றாகும். வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. காரைக்குடி அழகப்பா கல்லூரி 1947இலும், மதுரைத் தியாகராசர் கல்லூரி 1949இலும், சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951இலும் தோன்றின. இவற்றின் நிலமும் கட்டடமும் வணிகப் பெருமக்களும் அறக்கட்டளைகளும் சமுதாயப் பெரியோரும் ஈந்த பொருளால் அமைந்தவை. பின்னர் அரசு உதவி பெறும் பணியிடங்களுக்கு ஆசிரியர் ஊதியத்தை அரசே ஏற்றது. வள்ளல்கள் இடம் தந்தனர்; அரசு ஊதியம் தந்தது; மாணவர் சிறுதொகை செலுத்தினர். பட்டத்தின் உண்மை விலை அன்றும் குறைவானதன்று. அவ்விலை பலர் தோள்களில் பகிரப்பட்டிருந்தது என்பதே உண்மை.

இந்நிலை 1984 முதல் மாறத் தொடங்கியது. அவ்வாண்டில் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகளுக்கு வழி திறக்கப்பட்டது. கலை அறிவியற் கல்லூரிகளிலும் சுயநிதி வகுப்புகள் பின்னர்ப் பெருகின. ஒரே வளாகம், ஒரே பாடத்திட்டம், ஒரே பல்கலைக்கழகத் தேர்வு, ஒரே பட்டம். ஆயினும் அரசு உதவி பெறும் பிரிவில் பயில்பவர் ஒரு விலையும் சுயநிதிப் பிரிவில் பயில்பவர் வேறொரு விலையும் செலுத்தும் நிலை உருவாயிற்று. இடத்தின் எண்ணிக்கை பெருகியதால் முன்பு கல்லூரி வாயிலையே காணாத குடும்பங்களும் உள்ளே வந்தன. இது மறுக்கவொண்ணா நன்மையாகும். அதே வேளையில் முழு விலையும் குடும்பத்தின் தோளுக்கு மாறியது.

கட்டணத்திற்கு வரம்பு காண அரசும் நீதிமன்றமும் முயன்றன. நன்கொடை வசூலைத் தடுக்கும் சட்டம் 1992இல் தமிழகத்தில் இயற்றப்பட்டது. உன்னிகிருஷ்ணன் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் தொழிற்கல்விக் கல்லூரிகளில் இலவச இடம், கட்டண இடம் என்னும் பாகுபாட்டை வகுத்தது. டி.எம்.ஏ. பாய் வழக்கில் 2002இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. கல்வி நிறுவனம் தன் வளர்ச்சிக்கு நியாயமான உபரி ஈட்டலாம். கொள்ளை இலாபமும் நன்கொடையும் கூடா என்னும் கோட்பாடு நிலைபெற்றது. தொழிற்கல்விக் கட்டணங்களை நிர்ணயிக்கக் குழுக்கள் அமைந்தன.

மாணவர் சுமையைக் குறைக்கத் தமிழக அரசு கொணர்ந்த திட்டங்களும் குறிப்பிடத்தக்கவை. குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லாத மாணவர்க்குத் தொழிற்கல்வியில் கற்பிப்புக் கட்டணச் சலுகை 2010இல் தொடங்கியது. 'முதல் பட்டதாரி' என்னும் தொடர் அதன்பின் ஊர்தோறும் வழக்குச் சொல்லாயிற்று. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. இவ்விரு திட்டங்களும் கட்டணத்தைக் குறைப்பவை அல்ல. நாம் மேலே கூறிய மூன்றாவது கூறாகிய, இழக்கும் ஊதியத்தை ஒரு சிறிதேனும் ஈடுசெய்பவை. அவற்றின் சிறப்பு இதில்தான் உள்ளது.

பொருளியலார் கூற்று

கல்வியை முதலீடாகக் கருதும் கொள்கையைத் தியடோர் ஷூல்ட்ஸ், கேரி பெக்கர் ஆகிய அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் வளர்த்தனர். இயந்திரத்தில் இட்ட முதல் விளைவைப் பெருக்குவதுபோல மனிதனிடத்து இட்ட கல்வியும் அவனது ஆற்றலைப் பெருக்குகின்றது. ஆற்றல் பெருகுவதால் ஊதியம் பெருகுகின்றது என்பது அவர்தம் கொள்கை. இதனை மனித மூலதனக் கோட்பாடு என்பர். ஷூல்ட்ஸ் 1979இலும் பெக்கர் 1992இலும் நோபல் பரிசு பெற்றனர். பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து சக்கரோபுலோஸ், பட்ரினோஸ் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, கூடுதலாகக் கற்கும் ஒவ்வோர் ஆண்டும் ஊதியத்தில் உலகச் சராசரியாக ஏறத்தாழ 9 விழுக்காட்டுப் பயன் தருகின்றது என்று காட்டியது.

மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேறொரு விளக்கம் அளித்தார். வேலை தருபவருக்கு வந்து நிற்பவரின் திறன் தெரியாது. பட்டம் அத்திறனைக் காட்டும் அறிகுறியாக நிற்கின்றது. பட்டம் பெற்றவர் கல்லூரியில் என்ன கற்றார் என்பதைவிட, பட்டம் பெறும் அளவுக்கு ஊக்கமும் பொறுமையும் உடையவர் என்பதே வேலை தருபவர் அறிய விரும்புவது. இவரும் 2001இல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்விரு கொள்கைகளும் நமக்குத் தேவைப்படுகின்றன. பட்டம் அறிகுறி மட்டுமே எனில், எல்லோரும் அதனைப் பெற்றவுடன் அது எவரையும் வேறுபடுத்திக் காட்டாது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்தியச் சராசரி 28.4 விழுக்காடே. நாம் பெருமை கொள்ளத்தக்க நிலை இது. ஆயினும் பட்டதாரிகள் அரியராக இருந்த காலத்தில் பட்டத்திற்கு இருந்த அறிகுறி மதிப்பு, அவர்கள் பெருகிய காலத்தில் நீடிக்க இயலாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2024 ஜூனில் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. முதலில் அறிவிக்கப்பட்ட 6,244 இடங்களுக்கு 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பட்டதாரிகளும் முதுநிலைப் பட்டதாரிகளும் பொறியாளர்களும் இத்தேர்வுக்கு வந்து அமர்வது வழக்கமாகிவிட்டது. பத்தாம் வகுப்புக்குரிய பணிக்குப் பட்டதாரி போட்டியிடும்போது பட்டத்தின் விலை ஏறியும் அதன் அறிகுறி மதிப்பு இறங்கியும் நிற்பதை உணரலாம். எஞ்சுவது அவர் உண்மையில் பெற்ற ஆற்றல் ஒன்றே.

வேலையின்மை என்னும் புதிர்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, 2022இல் இளைஞர்க்குள் பட்டதாரிகளின் வேலையின்மை விகிதம் 29.1 விழுக்காடு என்றும், எழுதப் படிக்கத் தெரியாதவரிடத்து அது 3.4 விழுக்காடே என்றும் கூறுகின்றது. இவ்வெண்களைக் கண்டு, படிப்பே வேலையின்மைக்குக் காரணம் என்று முடிவு கட்டுவோர் உளர். அம்முடிவு பொருந்தாது.

எழுத்தறியாத ஏழை வேலையின்றி ஒருநாளும் இருக்க இயலாதவர். கிடைத்த கூலிக்குக் கிடைத்த பணியைச் செய்தே தீரவேண்டியவர். ஆகவே அவர் வேலையற்றோர் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அவர் வறுமை அப்பட்டியலில் தெரிவதில்லை. பட்டதாரியோ தன் படிப்புக்கேற்ற பணி வரும்வரை காத்திருக்கின்றார். காத்திருக்கும் ஆற்றலைப் பெற்றோரின் உழைப்பு அவருக்குத் தருகின்றது. எனவே இவ்வெண்கள் பட்டம் பயனற்றது என்று நிறுவவில்லை. பட்டதாரிகளின் எண்ணிக்கைக்கேற்ப அவர்க்குரிய பணிகள் வளரவில்லை என்பதையும், காத்திருப்பும் பட்டத்தின் விலையில் ஒரு பகுதி என்பதையுமே நிறுவுகின்றன. மூன்றாண்டுப் படிப்பிற்குப் பின் இரண்டாண்டு காத்திருப்பவருக்கு அப்பட்டத்தின் விலை ஐந்தாண்டு ஊதியம் என்று கொள்ளல் வேண்டும்.

பொறியியற் கல்வியின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் கல்லூரிகள் ஐந்நூற்றுக்கும் மேலாகப் பெருகின. 2010க்குப் பின் பத்தாண்டின் பிற்பகுதியில் கலந்தாய்வு இடங்களில் ஏறத்தாழப் பாதி வரை நிரம்பாது நின்ற ஆண்டுகளும் உண்டு. கல்லூரிகள் பல மூடப்பட்டன. எந்தப் பட்டமாயினும் வேலை நிச்சயம் என்று நம்பியிருந்த பெற்றோர், எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று ஆராயத் தொடங்கினர். அவ்விழிப்பு வரவேற்கத்தக்கதே.

கடன் என்னும் தோழனும் பகைவனும்

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் 2001இல் வகுக்கப்பட்டது. இத்திட்டத்தின்படி 4 இலட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையின்றிக் கடன் பெறலாம். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டிலும் தவணை செலுத்த வேண்டியதில்லை. இவ்விடைக்காலத்தைச் சலுகைக் காலம் என்பர். தவணை இல்லை என்பதால் வட்டியும் இல்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். வட்டி வளர்ந்துகொண்டே இருக்கும்.

நான்காண்டுப் படிப்பிற்கு ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் வீதம் 4 இலட்சம் ரூபாய் கடன், வட்டி 10 விழுக்காடு என்று கொள்வோம். முதல் இலட்சத்திற்கு ஐந்தாண்டு வட்டி, அடுத்ததற்கு நான்காண்டு, பின் மூன்றாண்டு, பின் ஈராண்டு எனச் சலுகைக் காலத்திலேயே 1,40,000 ரூபாய் தனிவட்டி சேர்கின்றது. கடன் 5,40,000 ரூபாயாக வளர்ந்து நிற்கும். அதனைப் பத்தாண்டில் செலுத்த மாதத் தவணை ஏறத்தாழ 7,136 ரூபாய். செலுத்தி முடிக்கும்போது மொத்தம் 8,56,000 ரூபாய்க்கு மேலாகும். வாங்கிய தொகையின் இரு மடங்கினும் மிகுதி! முதல் வேலையில் மாதம் 15,000 ரூபாய் பெறுபவருக்கு ஊதியத்தில் ஏறத்தாழப் பாதி தவணைக்கே சென்றுவிடும். 40,000 ரூபாய் பெறுபவருக்கு அதே தவணை ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றே மிகுதி. கடன் ஒன்றே, ஒருவர்க்கு ஏணியாகவும் மற்றவர்க்கு விலங்காகவும் அஃது அமைகின்றது.

மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் 2009இல் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தின் வருமான வரம்பிற்கு உட்பட்ட குடும்பத்து மாணவர்க்குச் சலுகைக் கால வட்டியை அரசே ஏற்கும். மேற்கூறிய கணக்கில் அந்த 1,40,000 ரூபாய் நீங்கினால் மாதத் தவணை 5,286 ரூபாயாகக் குறையும். இத்தகுதி உடையோரும் வருமானச் சான்றை உரிய காலத்தில் வங்கியில் அளிக்காமல் இழப்பதுண்டு. மானியத் தகுதி இல்லாதோர் படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் செலுத்திவரின் கடன் வளராது. பட்டத்தின் விலையைக் குறைக்கும் வழிகளுள் இவை எளியவை. வங்கிக் கடன் கிட்டாமல் கந்துவட்டிக்குச் செல்லும் குடும்பத்தின் நிலையோ கணக்கிற்கு அப்பாற்பட்டது. அவ்வட்டியில் பெறும் எந்தப் பட்டமும் தன் விலையை மீட்டுத் தாராது.

பிற நாடுகளின் நிலையையும் சுருங்கக் காண்போம். இங்கிலாந்தில் 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டாகத் தொடங்கிய பல்கலைக்கழகக் கட்டணத்தின் உச்சவரம்பு 2012இல் 9,000 பவுண்டு ஆயிற்று. அமெரிக்காவில் மாணவர் கடன் நிலுவை 1.6 இலட்சம் கோடி டாலரைக் கடந்துள்ளது. ஜெர்மனியிலோ மாநிலங்கள் சில விதித்திருந்த பொதுக் கட்டணம் 2014இல் முற்றிலும் கைவிடப்பட்டது. செல்வ நாடுகள் ஒரே வினாவிற்கு வெவ்வேறு விடை கண்டுள்ளன. எனவே கட்டணம் உயர்வது இயற்கையின் விதியன்று. ஒரு சமுதாயம் செய்யும் தேர்வே ஆகும்.

பெண்கல்வியும் பட்டத்தின் விலையும்

ஊதியக் கணக்கால் மட்டும் அளந்தால் பெண்கல்வி தோற்றுப்போகும் இடங்கள் உண்டு. பட்டம் பெற்றும் வேலைக்குச் செல்லாத பெண்கள் பலர். ஆகவே மகளின் கல்லூரிச் செலவு வீண் என்று கூறுவோர் இன்றும் உளர். அவர்தம் கணக்கில் பெரும்பிழை உண்டு. கல்லூரிக் கட்டணத்தை வீண் என்பவர் திருமணச் செலவையும் நகையையும் வரதட்சிணையையும் வீண் என்பதில்லை.

தமிழக அரசின் திட்டம் ஒன்றே இதற்குத் தக்க விளக்கம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989 முதல் வழங்கப்பெற்ற திருமண நிதியுதவித் திட்டம், 2011 முதல் தாலிக்குத் தங்கமும் சேர்த்து அளித்தது. பட்டம் பெற்ற பெண்ணுக்கு உதவித்தொகை மிகுதி. அத்திட்டமே 2022இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக, புதுமைப்பெண் என்னும் பெயரில் மாற்றப்பட்டது. திருமணத்தின்போது ஒருமுறை தந்த பொருள், கற்கும் காலத்தில் திங்கள்தோறும் தரும் பொருளாயிற்று. ஓர் அரசு செய்த இம்மாற்றத்தை ஒவ்வொரு குடும்பமும் செய்யலாம். நகைக்குச் சேர்க்கும் சீட்டுப் பணத்தில் ஒரு பகுதியைக் கல்விக்கு மாற்றுவதே அது. நகை விலை ஏறினும் அதனை விற்று உண்ணலாம், அவ்வளவே. பெற்ற கல்வியோ கணவனை இழந்த காலத்தும் தொழில் நலிந்த காலத்தும் ஒரு பெண்ணைத் தன் காலில் நிறுத்தும். தன் பிள்ளைகளின் படிப்பைத் தானே கண்காணிக்கும் ஆற்றலையும் தரும். ஊதியச் சீட்டில் காணப்படாத இப்பயனையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

தமிழ்ப் பட்டம் பயனுடையதா?

தமிழ்த்துறை மலரில் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்லுதல் முறையாகாது. தமிழ் படித்தால் என்ன கிட்டும் என்று உறவினர் கேட்பதை நம் மாணவர் நன்கு அறிவர். மேற்கூறிய அளவுகோல்களையே இதற்கும் கொள்வோம்.

இளங்கலைத் தமிழின் விலை ஏனைய பட்டங்களோடு ஒப்பிடக் குறைவு. ஆய்வுக்கூடச் செலவு இல்லை. அரசு உதவி பெறும் பிரிவுகளில் இடம் உண்டு. பெரும்பாலும் கடனின்றியே முடிக்கலாம். பயனை நோக்கின், ஆசிரியப் பணியே இதன் மரபுவழி வாயில். அவ்வாயில் முன்னைவிட நெடியது. கல்வியியல் பட்டம் 2015 முதல் ஈராண்டுப் படிப்பாயிற்று. ஆசிரியர் தகுதித் தேர்வு 2012 முதல் நடைபெறுகின்றது. அதன் பின்னும் பணியிடம் உறுதியில்லை. இதனை மறைத்து மாணவரைச் சேர்த்தல் அறமாகாது. அதே வேளையில், தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010இல் வந்தது. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம் என்னும் ஆணை 2021 டிசம்பரில் பிறந்தது. இவை தமிழ் மாணவர்க்குச் சார்பானவை.

எனினும் இவ்வாய்ப்புகள் தாமே வந்து கைகூடுவன அல்ல. பிழையற எழுதுதல், மெய்ப்புத் திருத்துதல், மொழிபெயர்த்தல், கணினியில் தமிழைக் கையாளுதல், சுவடியும் கல்வெட்டும் படித்தல் ஆகியவற்றுள் ஒன்றிலேனும் தேர்ந்த மாணவர்க்குத் தமிழ்ப் பட்டம் ஈடான விலையுடையது. தேர்வுக்கு முதல்நாள் வினாவிடை நூலை மட்டும் படித்து வெளியேறுபவர்க்கு அது விலை குறைந்ததாயினும் இழப்பே.

சேர்வதற்கு முன் ஆராய வேண்டியவை

இதுகாறும் கண்டவற்றால் பெற்றோரும் மாணவரும் ஆராயத்தக்க கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, படிப்பை முடிக்க இயலுமா என்பது. நிலுவைத் தாள்களோடு, அதாவது 'அரியர்' என மாணவர் வழங்கும் தாள்களோடு, வெளியேறுபவர் முழு விலையையும் செலுத்திப் பட்டத்தைப் பெறாதவர் ஆகின்றார். பெற்றோர் விருப்பத்தால் திணிக்கப்பட்ட பாடத்தில் இது மிகுதியும் நேர்கின்றது.

இரண்டாவது, அதே பட்டம் குறைந்த விலையில் கிட்டுமா என்பது. அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் பிரிவு, பின்னரே சுயநிதிப் பிரிவு என்னும் வரிசையில் விண்ணப்பித்தல் நலம். வேலை செய்துகொண்டே கற்க விரும்புவோர்க்கு 1985இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உள்ளன. இவற்றில் மூன்றாம் கூறாகிய ஊதிய இழப்பு இல்லை.

மூன்றாவது, நிறுவனத்தின் ஏற்புநிலை. பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டு வருகின்றது. அதனை ஒருமுறை நோக்குதல் பெரும் இழப்பைத் தவிர்க்கும். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்தல் கூடாது என்றும் அக்குழு 2018இல் அறிவித்துள்ளது.

நான்காவது, கடனின் அளவு. அப்பட்டம் பெற்று முன்னாண்டில் வெளியேறிய மாணவர் சிலரைக் கண்டு, அவர்தம் முதல் ஊதியத்தைக் கேட்டறிதல் வேண்டும். மாதத் தவணை அவ்வூதியத்தில் நான்கில் ஒரு பங்கை மிகுமாயின் அக்கடனை மறுமுறை ஆராய்தல் நன்று என்பது நம் கருத்து.

ஐந்தாவது, பட்டமல்லாத வழிகள். தொழிற்பயிற்சி நிலையம், பட்டயப் படிப்பு, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தொழில் பழகுநர் பயிற்சி ஆகியவை இழிந்தவை அல்ல. கைத்திறனில் நாட்டமுடைய பிள்ளையை விருப்பமில்லாப் பட்டத்திற்கு அனுப்புதல் இரட்டை இழப்பாகும். திறன் பெற்றபின் பட்டம் பெறும் வழி அடைபடுவதில்லை.

முடிவுரை

கல்விக்குச் செலவிடும் பொருள் வீணாகாது என்று பொதுவாகக் கூறிவிடுதல் எளிது. பட்டமெல்லாம் பயனற்றவை என்று கசந்து கூறுதலும் எளிதே. இரண்டும் ஒரு குடும்பத்திற்கு வழிகாட்டா. முடிக்கத்தக்க படிப்பு, தாங்கத்தக்க விலை, கற்பிக்கும் கல்லூரி, கற்கும் மனம் ஆகிய நான்கும் கூடியவிடத்துப் பட்டம் இன்றும் தன் விலையை மிஞ்சிய பயனைத் தருகின்றது. இவற்றுள் ஒன்று குறையினும் விலை மிகும். இரண்டு குறையின் பட்டம் கடன் பத்திரமாகவே எஞ்சும்.

மாணவரிடம் கணக்குக் கேட்கும் நாம் கல்லூரிகளிடமும் கேட்டல் வேண்டும். நடத்தப்பெறாத ஒவ்வொரு வகுப்பும், திறக்கப்பெறாத நூலகமும், திருத்தாது தரப்பெறும் பயிற்சிக் கட்டுரையும் மாணவர் செலுத்திய விலையில் குறைத்துத் தரப்பெற்ற எடையேயாகும். வணிகத்தில் எடை குறைப்பதைப் பழி என்று கருதும் நாம் வகுப்பறையிலும் அவ்வாறே கருதுதல் வேண்டும். ஒரு தந்தை அடகுக் கடையில் வைத்த நகை, மூன்றாண்டு கழித்து மீளுமா என்பது வங்கியின் வட்டி விகிதத்தால் மட்டும் முடிவாவதன்று. அந்த மூன்றாண்டுகளில் வகுப்பறையில் ஆசிரியரும் மாணவரும் என்ன செய்தனர் என்பதாலும் முடிவாகின்றது. கட்டணத்தைக் குறைத்தல் அரசின் கையிலும் நிருவாகத்தின் கையிலும் உள்ளது. பயனைப் பெருக்குதலோ நம் கையில் உள்ளது.